கிட்டார் ஒலிப்பதிவில் உள்ளீட்டு அளவை அமைத்தல்

கிட்டார் ஒலிப்பதிவில் உள்ளீட்டு அளவை அமைத்தல் என்பது, கிட்டாரிலிருந்து வரும் மின்குறிகை ஒலி இடைமுகத்தில் எண்களாக மாற்றப்படுவதற்கு முன்பு, அதன் வலிமையை ஏற்ற அளவில் நிறுத்தும் செயலாகும். இடைமுகத்தின் முகப்பில் 'கெயின்' என்று குறிக்கப்பட்டிருக்கும் குமிழே இதற்கான கருவி. அளவு மிகுந்தால் ஒலி அலையின் முகடுகள் வெட்டுப்பட்டுப் பதிவு கரகரக்கும். அளவு மிகக் குறைந்தால் பின்னணி இரைச்சல் துலங்கித் தெரியும். முதல் பிழையைப் பின்னர் எந்த மென்பொருளாலும் முழுமையாகத் திருத்த முடியாது. இரண்டாவதைப் பெரும்பாலும் திருத்திவிடலாம். இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால், கீழே வரும் விதிகளின் காரணம் எளிதில் விளங்கும்.

குறிகை செல்லும் வழி

மின்கிட்டாரின் உடலில் கம்பிகளுக்குக் கீழே இருக்கும் பிக்கப், காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய செப்புக்கம்பிச் சுருளும் கொண்டது. எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறுபடுகிறது. மின்காந்தத் தூண்டலால் சுருளில் சிறு மின்னழுத்தம் பிறக்கிறது. 1930களின் தொடக்கத்தில் ஜார்ஜ் போஷாம்ப் அமைத்த பிக்கப் முதல் இன்றுவரை அடிப்படைத் தத்துவம் இதுதான்.

இப்படிப் பிறக்கும் மின்னழுத்தம் நிலையானதன்று. ஒற்றைச் சுருள் பிக்கப்பில் மென்மையாக மீட்டினால் ஒரு வோல்ட்டின் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கலாம். இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கர் பிக்கப்பில் ஆறு கம்பிகளையும் ஓங்கி அடித்தால் உச்சம் ஒரு வோல்ட்டைத் தாண்டும். ஒரே பாடலுக்குள்ளேயே இத்தகைய பத்து மடங்கு வேறுபாடு வரக்கூடும்.

இந்தக் குறிகை பின்வரும் வரிசையில் பயணிக்கிறது:

1. கிட்டாரின் ஒலிக் குமிழும் சுருதிநிறக் குமிழும்
2. கம்பிவடம்
3. இடைமுகத்தின் முன்பெருக்கி (கெயின் குமிழ் இருக்கும் இடம்)
4. ஒப்புமைக் குறிகையை எண்களாக்கும் மாற்றி
5. யு.எஸ்.பி. வழியாகக் கணினி
6. ஒலிப்பதிவு மென்பொருளின் தடமும் அதன் ஃபேடரும்
7. ஹெட்ஃபோன் அல்லது ஒலிபெருக்கி

மூன்றாம் படிக்கும் ஏழாம் படிக்கும் உள்ள தொலைவைக் கவனிக்க வேண்டும். மென்பொருளின் ஃபேடர், மாற்றிக்குப் பின்னால் வருகிறது. மாற்றியில் வெட்டுப்பட்டுவிட்ட அலையை ஃபேடரால் சிறிதாக்கலாமே தவிர, இழந்த முகட்டைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அளவு மிகுந்த நீரைப் படியில் ஊற்றினால் மிஞ்சியது தரையில் போய்விடுகிறது. பிறகு படியைச் சாய்த்துக் குறைப்பதால் தரையில் போன நீர் வந்துவிடாது. அதுபோலத்தான் இதுவும்.

சரியான உள்ளீட்டைத் தேர்தல்

கெயின் குமிழைத் தொடுவதற்கு முன், கிட்டாரை எந்த உள்ளீட்டில் செருகுவது என்பதை முடிவு செய்ய வேண்டும். இடைமுகங்களில் பொதுவாக மூன்று வகை உள்ளீடுகள் உண்டு.

ஒலிவாங்கி உள்ளீடு: மின்மறுப்பு ஏறக்குறைய 1.5 முதல் 3 கிலோ ஓம் வரை. மிக நுண்ணிய குறிகைகளுக்கானது.

லைன் உள்ளீடு: மின்மறுப்பு ஏறக்குறைய 10 கிலோ ஓம். விசைப்பலகைக் கருவிகள், கிட்டார் ஒலிச்செயலிகள் போன்றவற்றின் வலுவான குறிகைகளுக்கானது.

இன்ஸ்ட்ரூமென்ட் உள்ளீடு: மின்மறுப்பு ஏறக்குறைய 1 மெகா ஓம். சில கருவிகளில் 'ஹை-இசட்' என்று குறிக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் ஒரு பொத்தானை அழுத்தி இந்நிலைக்கு மாற்ற வேண்டும்.

மின்கலம் இல்லாத சாதாரண பிக்கப்பை மூன்றாவது வகையில்தான் செருக வேண்டும். பிக்கப் ஒரு கம்பிச்சுருள் என்பதால் அதன் மின்மறுப்பு அதிர்வெண்ணோடு சேர்ந்து உயர்கிறது. குறைந்த மின்மறுப்புள்ள உள்ளீட்டில் செருகினால், உயர் அதிர்வெண்களின் பெரும்பகுதி பிக்கப்பிலேயே இழக்கப்பட்டு, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல மங்கிய ஒலி கிடைக்கும். அளவும் குறையும். பயனர் கெயினை மேலும் மேலும் திருப்புவார். இரைச்சல் கூடுமே தவிர ஒலியின் தெளிவு கூடாது. "அளவு போதவில்லை" என்று தோன்றும் பல இடங்களில் உண்மையான பிழை இந்தப் பொத்தானில்தான் இருக்கிறது.

ஒலிச்செயலி அல்லது மின்கலத்தில் இயங்கும் முன்பெருக்கி உள்ள கிட்டாரின் குறிகை வலுவானது; குறைந்த மின்மறுப்புடையது. அது இன்ஸ்ட்ரூமென்ட் உள்ளீட்டைத் தாண்டினால் லைன் உள்ளீட்டைப் பயன்படுத்தலாம். கிட்டார் ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கர் முனையிலிருந்து நேரடியாக இடைமுகத்துக்கு ஒருபோதும் இணைப்புக் கொடுக்கக் கூடாது. அந்த முனையில் வரும் மின்திறன் இடைமுகத்தைப் பழுதாக்கும். வால்வு வகை ஆம்ப்ளிஃபையராக இருந்தால், ஸ்பீக்கர் சுமை இல்லாமல் இயங்கி அதுவும் பழுதாகலாம்.

டெசிபெல் அளவுகோலைப் படிக்கும் முறை

மென்பொருளில் காணும் அளவுமானி 0இல் முடிகிறது. அந்த 0 என்பது ஒலியின்மை அன்று. மாற்றி எழுதக்கூடிய மிகப் பெரிய எண். அதற்கு மேல் எண் இல்லை. ஆகவே எல்லா அளவுகளும் 0இலிருந்து கீழ்நோக்கி, எதிர்மறை எண்களாகக் குறிக்கப்படுகின்றன.

டெசிபெல் என்பது விகிதத்தைக் குறிக்கும் அளவு. ஒவ்வொரு 6 டெசிபெல்லுக்கும் அலையின் வீச்சு ஏறக்குறைய இரு மடங்காகிறது அல்லது பாதியாகிறது.

0 டெசிபெல்: முழு வீச்சு
−6 டெசிபெல்: பாதி
−12 டெசிபெல்: கால்
−18 டெசிபெல்: அரைக்கால்
−20 டெசிபெல்: பத்தில் ஒன்று

−12 டெசிபெல் உச்சத்துடன் பதிந்த அலைவடிவம் திரையில் கால் பங்கு உயரமே இருக்கும். புதியவர்கள் இதைப் பார்த்துப் பதிவு பலவீனமாக இருக்கிறது என்று எண்ணிக் கெயினைக் கூட்டிவிடுகிறார்கள். படத்தின் உயரம் தரத்தின் அளவுகோல் அன்று. மென்பொருளில் அலைவடிவத்தின் காட்சியை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தால் போதும்.

முகடு வெட்டு

உள்ளீடு 0 டெசிபெல்லைத் தாண்டும்போது மாற்றி தன் உச்ச எண்ணையே திரும்பத் திரும்ப எழுதுகிறது. வளைந்திருக்க வேண்டிய முகடு தட்டையாகிறது. இதுவே கிளிப்பிங் அல்லது முகடு வெட்டு. தட்டையான அந்த விளிம்பு, மூல ஒலியில் இல்லாத புதிய அதிர்வெண்களை உண்டாக்குகிறது. காதுக்கு அது சொடுக்கு, கரகரப்பு, உடைந்த ஒலி எனப் பலவாறு கேட்கும்.

கிட்டாரில் இது பெரும்பாலும் கம்பியை மீட்டிய முதல் கணத்தில் நேர்கிறது. மீட்டுகோல் கம்பியை விட்டு விலகும் அந்தச் சில மில்லி விநாடிகளில் உச்சம் மிக உயர்ந்து, உடனே தாழ்ந்துவிடும். சராசரி அளவைக் காட்டும் மானியில் இது தெரியாது. ஆகவே பதிவின்போது உச்ச அளவைக் காட்டும் மானியையே பார்க்க வேண்டும்.

ராக் இசையில் விரும்பிச் சேர்க்கப்படும் டிஸ்டார்ஷன் வேறு, மாற்றியில் நேரும் முகடு வெட்டு வேறு. முன்னது ஆம்ப்ளிஃபையரின் வால்வுகளிலோ பெடலின் சுற்றிலோ உருவாக்கப்பட்டு, பெரும்பாலும் ஸ்பீக்கரால் மென்மையாக்கப்பட்ட பிறகு செவிக்கு வருவது. பின்னதில் அத்தகைய வடிகட்டல் எதுவும் இல்லை.

இரைச்சலும் பிட் ஆழமும்

குறைந்த அளவில் பதிந்தால் தரம் கெடும் என்ற எண்ணத்துக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. காந்த நாடாவில் நாடாவின் சொந்தச் 'சர்' ஒலி அதிகம். அளவு மிகும்போது நாடா திடீரென்று வெட்டுவதில்லை. மெல்ல மெல்ல அழுத்துகிறது. எனவே நாடாவில் உயர்ந்த அளவில் பதிவது நல்ல பழக்கமாக இருந்தது. 1982இல் குறுந்தகடு 16 பிட் முறையுடன் வந்தது. ஒவ்வொரு பிட்டும் ஏறக்குறைய 6 டெசிபெல் தருவதால் 16 பிட்டில் கிடைப்பது 96 டெசிபெல் இடைவெளி. அந்தக் காலத்திலும் அளவை உயர்த்திப் பதிவதில் பொருள் இருந்தது.

இன்றைய இடைமுகங்கள் 24 பிட்டில் பதிகின்றன. கணக்கின்படி இது 144 டெசிபெல். மின்சுற்றின் இயல்பான இரைச்சலால் நடைமுறையில் கிடைப்பது 110 முதல் 120 டெசிபெல் வரை. 110 டெசிபெல் இடைவெளியுள்ள ஒரு கருவியில் உச்சம் −12ஆக இருக்குமாறு பதிந்தால், உச்சத்துக்கும் இரைச்சலுக்கும் இடையே 98 டெசிபெல் எஞ்சுகிறது. இது 16 பிட் குறுந்தகட்டின் முழு இடைவெளியைவிடவும் சற்று அதிகம். அதாவது, 0ஐத் தொட முயல்வதால் கிடைக்கும் பயன் ஏதுமில்லை. ஆபத்து மட்டுமே மிஞ்சும்.

மேலும், கிட்டாரின் பிக்கப் பிடிக்கும் மின்சார 'உம்' ஒலி பெரும்பாலும் இடைமுகத்தின் இரைச்சலைவிடப் பல மடங்கு பெரியது. இந்தியாவிலும் இலங்கையிலும் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், இந்த ஒலி 50, 100, 150 ஹெர்ட்ஸ் எனத் தொடரும். கெயினைக் கூட்டினால் இசையும் இந்த ஒலியும் ஒரே விகிதத்தில் கூடும். ஆகவே கெயின் குமிழால் இதைக் குறைக்க இயலாது. கணினித் திரை, மின்மாற்றி, மங்கல் கட்டுப்பாட்டு விளக்கு ஆகியவற்றிலிருந்து விலகி அமர்வது, கிட்டாரைப் பிடிக்கும் திசையை மாற்றிப் பார்ப்பது, மடிக்கணினியைச் சற்று நேரம் மின்கலத்தில் இயக்கிப் பார்ப்பது ஆகியனவே தீர்வு.

ஏற்ற அளவு

24 பிட் பதிவில் மிகவும் ஓங்கி அடிக்கும் இடங்களின் உச்சம் −12 முதல் −6 டெசிபெல் வரை இருப்பது பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. அப்போது சராசரி −18ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ அமையும். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியமும் எண்ணிமக் கருவிகளைச் சீர்செய்வதற்கான மேற்கோள் அளவாக −18ஐயே கொண்டுள்ளது. உச்சம் −20 வரை தாழ்ந்தாலும் பதிவைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, மென்பொருளில் உயர்த்திக்கொள்ளலாம்.

அமைக்கும் முறை

1. ஹெட்ஃபோன் அளவைக் குறைத்துவைத்து, கெயின் குமிழைக் கடைசிவரை இடப்பக்கம் திருப்பவும்.

2. இன்ஸ்ட்ரூமென்ட் பொத்தான் இயங்கு நிலையில் உள்ளதா எனப் பார்க்கவும். 48 வோல்ட் பொத்தான் கிட்டாருக்குத் தேவையில்லை, அணைத்துவைக்கவும்.

3. மென்பொருளில் 24 பிட், 44,100 அல்லது 48,000 ஹெர்ட்ஸ் எனத் தேர்ந்து, தடத்தைப் பதிவுக்குத் தயார்நிலையில் வைக்கவும். ஃபேடர் 0இல் இருக்கட்டும். தடத்தில் உள்ள செருகுநிரல்கள் அனைத்தையும் தற்காலிகமாக நிறுத்தவும்.

4. கிட்டாரின் ஒலிக் குமிழை முழுமையாகத் திறக்கவும். பாடலில் பயன்படுத்தப்போகும் பிக்கப்புகளில் வலுவானதைத் தேரவும்.

5. பாடலின் மிகவும் ஓங்கிய பகுதியை, உண்மையில் வாசிக்கும் வேகத்தோடு அரை நிமிடமாவது வாசிக்கவும். ஒற்றைக் கம்பியை மெல்லத் தட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது.

6. மானியின் உச்சம் −12ஐ ஒட்டி வரும்வரை கெயினைச் சிறிது சிறிதாகக் கூட்டவும். கெயின் முழுவதும் குறைந்த நிலையிலேயே இந்த அளவு வந்துவிட்டால் அப்படியே விடவும். குமிழ் நடுவில் இருக்க வேண்டும் என்று விதி ஏதுமில்லை.

7. சோதனைப் பதிவு ஒன்றை எடுத்துக் கேட்கவும். பிறகு கெயினைத் தொடாமல் முழுப் பாடலையும் பதியவும். குமிழ் நிற்கும் இடத்தைக் குறித்துவைத்தால் மறுநாள் தொடர்வது எளிது.

ஐந்தாம் படியில் பலரும் தவறுகிறார்கள். சோதனையின்போது கை அடக்கமாக இருக்கும். பதிவு தொடங்கிப் பாடலோடு ஒன்றியதும் தன்னையறியாமல் ஓங்கி அடிக்கும். ஒருவர் மிக நன்றாக வாசித்த பதிவுதான் முகடு வெட்டால் கெடுவதற்கு மிகுந்த வாய்ப்புள்ள பதிவும். 12 டெசிபெல் இடைவெளி விடுவது இதற்காகவே.

ஆம்ப் சிமுலேட்டர் பயன்படுத்தும்போது

கிட்டாரை நேரடியாகப் பதிந்து, ஆம்ப்ளிஃபையரைப் போலச் செயல்படும் மென்பொருள் வழியாகக் கேட்பது இன்று பரவலான முறை. இங்கே உள்ளீட்டு அளவு பாதுகாப்பை மட்டுமன்றி ஒலியின் தன்மையையும் தீர்மானிக்கிறது. உண்மையான ஆம்ப்ளிஃபையர், கிட்டாரின் மின்னழுத்தம் கூடக்கூட அதிகமாக உருக்குலைக்கும். மென்பொருளும் அவ்வாறே செய்யும். ஆனால் அதற்கு வருவது எண்களே. வோல்ட் எவ்வளவு என்பது அதற்குத் தெரியாது.

ஓர் எடுத்துக்காட்டு: ஓர் இடைமுகத்தின் இன்ஸ்ட்ரூமென்ட் உள்ளீடு, கெயின் முழுவதும் குறைந்த நிலையில் +12 டிபியு வரை ஏற்கும் என்று கையேட்டில் இருப்பதாகக் கொள்வோம். 0 டிபியு என்பது 0.775 வோல்ட் என்பதால், +12 டிபியு ஏறக்குறைய 3.08 வோல்ட், சைன் அலைக்கு அதன் உச்சம் ஏறக்குறைய 4.36 வோல்ட். கிட்டாரின் உச்சம் 1 வோல்ட் என்றால் மானியில் ஏறக்குறைய −13 டெசிபெல் தெரியும். இப்போது கெயினை 10 டெசிபெல் கூட்டினால் மானி −3 காட்டும். மென்பொருளோ, மூன்று மடங்குக்கும் சற்று அதிகமான வலிமையுள்ள பிக்கப் வாசிக்கப்படுவதாகக் கொண்டு செயல்படும். தெளிவான ஒலிக்கென அமைக்கப்பட்ட ஆம்ப்ளிஃபையர் மாதிரியும் கரகரக்கத் தொடங்கும்.

மென்பொருளை உருவாக்கியவர்கள் எதிர்பார்க்கும் உள்ளீட்டு அளவைக் கையேட்டில் குறிப்பிட்டிருந்தால் அதைப் பின்பற்றலாம். குறிப்பிடாவிட்டால், கெயினை முழுவதும் குறைத்துத் தொடங்கி, மென்பொருளின் சொந்த உள்ளீட்டுக் குமிழால் செவிக்கு ஏற்பக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். எண்களாக மாறிய பின் செய்யும் இந்த மாற்றத்தால் இழப்பு ஏதும் இல்லை. இரண்டு கிட்டார்களை மாற்றி மாற்றி வாசிப்பவர், ஒவ்வொன்றுக்கும் கெயினை மாற்றி இரண்டையும் −12க்குக் கொண்டுவந்தால், அவற்றுக்கு இடையே உள்ள இயல்பான வலிமை வேறுபாடு மறைந்துவிடும். வலுவான கிட்டாருக்கு ஏற்ற அளவை அமைத்து, மற்றதையும் அதே நிலையில் வாசிப்பது நல்லது.

ஒலிவாங்கி வழியாகப் பதியும்போது

ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கருக்கு முன் டைனமிக் வகை ஒலிவாங்கியை வைத்துப் பதிவது பழைய முறை. 1965இல் வெளிவந்த ஷூர் எஸ்.எம். 57 இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. பிக்கப் இல்லாத அக்கூஸ்டிக் கிட்டாருக்குக் கண்டென்சர் ஒலிவாங்கியை 12ஆம் ஃப்ரெட்டுக்கு எதிரே ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் தொலைவில் வைத்துத் தொடங்கலாம். இதற்கு 48 வோல்ட் தேவை.

ஒலிவாங்கியின் தொலைவு மாறினால் அளவும் மாறும். தொலைவு பாதியானால் அளவு ஏறக்குறைய 6 டெசிபெல் வரை கூடலாம். எனவே இடத்தை முதலில் முடிவு செய்து, பின்னரே கெயினை அமைக்க வேண்டும். வாசிப்பவர் நாற்காலியை நகர்த்தினால் சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். மெல்லிய விரல் வாசிப்புக்குக் கெயின் அதிகம் தேவைப்படுவதால் அறையின் ஒலிகளும் உயரும். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவதே சிறந்தது.

பிழையைக் கண்டறிதல்

கரகரப்புக் கேட்டால் உடனே கெயினைக் குறைப்பதைவிட, எந்தப் படியில் பிழை என்று காண்பது பயன் தரும். செருகுநிரல்களை நிறுத்திவிட்டுப் பதிந்த அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்.

முகடுகள் 0இல் தட்டையாக இருந்தால்: மாற்றியில் வெட்டு. கெயினைக் குறைத்து மீண்டும் பதிய வேண்டும்.

முகடுகள் 0க்குக் கீழே, எடுத்துக்காட்டாக −8இல், ஒரே உயரத்தில் தட்டையாக இருந்தால்: மாற்றிக்கு முன்பே வெட்டு நேர்ந்துள்ளது. கிட்டாரின் முன்பெருக்கியில் உள்ள 9 வோல்ட் மின்கலம் தளர்ந்திருக்கலாம். அல்லது வழியில் உள்ள பெடல் தாங்காமல் இருக்கலாம்.

அலைவடிவம் நன்றாக வளைந்திருந்தும் கரகரத்தால்: பதிவு நலம். பிழை செருகுநிரலிலோ, முதன்மைத் தடத்தின் அளவிலோ, ஹெட்ஃபோனிலோ உள்ளது. மீண்டும் பதிய வேண்டியதில்லை.

இந்தக் கடைசி நிலை அடிக்கடி நேர்வது. சரிபார்க்காமல் நல்ல பதிவை அழித்துவிடுவோர் உண்டு.

பொதுவான தவறான கருத்துகள்

'ஹெட்ஃபோனில் கேட்கவில்லை, ஆகவே கெயினைக் கூட்ட வேண்டும்': ஹெட்ஃபோன் குமிழும் கெயின் குமிழும் வேறுவேறு பணி செய்பவை. முன்னது நம் செவிக்கு, பின்னது பதிவுக்கு. கேட்பதற்குப் போதவில்லை என்றால் ஹெட்ஃபோன் குமிழையே கூட்ட வேண்டும்.

'மென்பொருள் 32 பிட் மிதவைப் புள்ளியில் சேமிப்பதால் வெட்டு நேராது': மென்பொருளுக்குள் நடக்கும் கணக்குகளுக்கு இது பொருந்தும். இடைமுகத்தின் மாற்றி 24 பிட் என்றால், அதில் வெட்டுப்பட்ட அலை வெட்டுப்பட்டதாகவே சேமிக்கப்படும். மாற்றியும் 32 பிட் மிதவைப் புள்ளி முறைக்கென வடிவமைக்கப்பட்ட சில கருவிகளே இதற்கு விலக்கு.

'வெளியாகும் பாடல்கள் 0ஐத் தொடுகின்றன, ஆகவே பதிவும் தொட வேண்டும்': முடிந்த பாடலின் ஒலி உயரம் இறுதிக்கட்டமான மாஸ்டரிங்கில் அமைக்கப்படுவது. தனித்தனித் தடங்களில் அந்த உயரம் இருந்தால், அவை ஒன்றுசேரும்போது இடம் போதாது.

'வெட்டை நீக்கும் மென்பொருள் இருக்கிறதே': அத்தகைய மென்பொருள்கள் தட்டையான பகுதியின் இரு புறத்தையும் பார்த்து, இடையில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து வரைகின்றன. ஓரிரு இடங்களுக்கு உதவும். பாடல் முழுதும் வெட்டுப்பட்டிருந்தால் உதவாது. மீண்டும் வாசிக்க இயலாத பதிவுக்கு மட்டுமே அதைக் கடைசி வழியாகக் கொள்ள வேண்டும்.